ஒட்டம்வாவில் தெரியாத ஆட்டம்

கேபிள் பில்லைப் பார்த்தாலே லோர்னா ஹ்ருஸ்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாசம் இருநூற்றுப் பதினாலு டாலர். போன வருஷம் நூற்றெழுபது இருந்தது. அதற்கு முந்தின வருஷம் எவ்வளவு என்று நினைத்தால் இன்னும் வயிறு எரியும் என்பதால் அவள் நினைப்பதில்லை. இருநூற்று நாற்பது சேனல் கொடுக்கிறானாம். யார் கேட்டார்கள்? சமையலுக்குப் பத்து, சாமிக்குப் பத்து, நகை விற்கிறவர்களுக்கு நாலு, மீன் பிடிக்கிறவர்களுக்கென்று தனியாக ஒன்று. அந்த வீட்டில் ஓடுவதோ ஒரே ஒரு சேனல். செயின்ட் லூயிஸ் பேஸ்பால் டீமின் ஆட்டங்களைக் காட்டுகிற சேனல். அதுவும் மார்ச் கடைசியில் ஆரம்பித்து அக்டோபர் வரைக்கும்தான். மற்ற மாசங்களில் அந்தக் கறுப்புப் பெட்டி சும்மா உட்கார்ந்து பணத்தைத் தின்றது.

பார்க்கிறவன் அவள் புருஷன் வெர்ல். அறுபத்து நாலு வயசு. ஐயோவாவில் ஒட்டம்வா என்கிற அந்தச் சின்ன ஊரின் கோடியில் இருந்த பன்றிக்கறி ஆலையில் எலும்பறுக்கிற ரம்பத்துக்குப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் நின்றவன். காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள் என்று மேஸ்திரி கரடியாகக் கத்தினான், இவன் வைத்தால்தானே. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் ஒரு மெஷின் மாட்டி, எதிரே நின்று கத்தினால் பாதி விழும். அது போதாதென்று நுரையீரலும் தகராறு பண்ண ஆரம்பித்து, இப்போது இரண்டு வருஷமாக மூக்கில் குழாய். ஹாலின் மூலையில் ஆக்ஸிஜன் மெஷின் ராப்பகலாக இரைந்துகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் நீளக் குழாயை இழுத்துக்கொண்டுதான் அவன் பாத்ரூம் போவான், சமையலறைக்கு வருவான். அதற்கு மேல் அவனுக்கு உலகம் கிடையாது.

பதினைந்து வருஷமாகச் செவிட்டுப் புருஷனோடு குடித்தனம் பண்ணியதில் லோர்னாவுக்கு வீட்டில் ஒரே குரல்தான். உச்சக் குரல். உப்பை எடு என்பதையும் அப்படித்தான் சொல்வாள், குட்நைட் என்பதையும் அப்படித்தான் சொல்வாள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறையில்கூட, "ஏண்டி, நான் இங்கேதானே நிக்கறேன்" என்று மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

பிப்ரவரியில் டாக்டரிடம் போனார்கள். அந்த டாக்டர் நல்ல மனுஷன்தான். ஆனால் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே பேசுகிற ஜாதி. "இந்தக் கோடையை நல்லபடியா பார்த்துடுவார். அக்டோபர்லே சோளம் அறுக்கற வரைக்கும் இருப்பாரான்னு கேட்டா, என்னாலே சொல்ல முடியாது. இருக்கமாட்டார்னுதான் நினைக்கறேன்" என்றார். வெர்ல் தலையை ஆட்டினான். காது கேட்காதவர்கள் ஆட்டுகிற மாதிரி, எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற மாதிரி ஆட்டினான். டாக்டர் அதைப் பார்த்து, தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினார்.

காரில் ஏறினதும் வெர்ல் கேட்டான். "என்ன சொன்னார் அவர்?"

லோர்னா வண்டியைக் கிளப்பினாள். பனி வாரிப் போட்ட ரோடு. அதைப் பார்க்கிற சாக்கில் அவன் பக்கம் திரும்பவில்லை.

"உப்பைக் குறைக்கணுமாம்!" என்று கத்தினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்!"

"இதுக்கு ஒரு டாக்டரா" என்றான் வெர்ல். கொஞ்ச தூரம் போனதும், "இந்த வருஷம் செயின்ட் லூயிஸுக்குப் பந்து வீசறவங்க பலமா இருக்காங்க. அக்டோபர் வரைக்கும் போவாங்க பாரு, ஃபைனல் ஆடாம விடமாட்டாங்க" என்றான். பேஸ்பால் என்று வந்துவிட்டால் அவனுக்கு மூச்சு இரைக்காது. மற்றபடி நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன், ஆட்டம் நடக்கும் மூன்று மணி நேரமும் திரையில் ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டே பேசித் தீர்ப்பான். அவளிடம்தான் பேசுவான். அவளுக்கு அந்த ஆட்டம் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் பின்னல் ஊசியும் நூலுமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ம் கொட்டுவாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் மிச்சமிருந்தது அதுதான்.

அன்றைக்கே லோர்னா முடிவு பண்ணிவிட்டாள். இந்த சீசன் பூராவும் அவன் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டம் விடாமல், கடைசி சீசன் என்கிற நினைப்பில்லாமல், சந்தோஷமாகப் பார்க்க வேண்டும். அவளால் அவனுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

இவ்வளவு தெளிவாக இருந்தவள்தான் அந்தக் காரியத்தைப் பண்ணினாள்.

மார்ச் முதல் வாரம் பள்ளிக்கூடத்தில் அவள் வேலை நேரத்தை நாளைக்கு இரண்டு மணி குறைத்துவிட்டார்கள். அதே வாரம் கேபிள் பில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும். பெரிய அண்டாவில் பீன்ஸும் கறியும் கொதிக்க, ரோல்களுக்கு மேலே சர்க்கரைப் பாகு ஊற்றிக்கொண்டே லோர்னா பொருமித் தீர்த்தாள்.

கூட வேலை செய்கிற ட்வைலா போக்ஹோவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் யோசனை உண்டு. பாதி யோசனை நன்றாகவே இருக்கும்.

"இந்தக் காலத்துலே கேபிளுக்கு யாராவது அழுவாங்களாடி? நாங்க கழட்டி ஒரு வருஷமாச்சு. எல்லாம் ஓடிடிதான். தனித்தனியா வாங்கிக்கறோம். அம்பது டாலர்கூட ஆகலே."

"எனக்கு சினிமா வேண்டாம், சீரியல் வேண்டாம். வெர்லுக்கு பேஸ்பால் வரணும். அது வராதுன்னா பேச்சே வேண்டாம்."

"அதுக்குத்தானே ஆட்டத்தை நடத்தற லீக்காரனே ஒண்ணு வெச்சிருக்கான். எல்லா டீமும், எல்லா ஆட்டமும். வருஷத்துக்கு மொத்தமா கட்டிட்டா சல்லிசு. இங்கே பாரு, அவனே போட்டிருக்கான்." ட்வைலா போனை நீட்டினாள். திரையில் பெரிசாகப் போட்டிருந்தது, முப்பது டீம், ஒவ்வொரு ஆட்டமும் நேரலையில் என்று. கீழே பொடி எழுத்தில் ஏதோ பத்து வரி. கண்ணாடி நீராவியில் மங்கியிருந்தது. அந்தப் பத்து வரியை யார் படிப்பார்கள்? லோர்னாவும் படிக்கவில்லை, ட்வைலாவும் படிக்கவில்லை.

"உன் வீட்டுலே இதைத்தான் பார்க்கறீங்களா?"

"எங்க வீட்டுலே எவன் பேஸ்பால் பார்க்கறான்? எம்புருஷனுக்குக் கார் ரேஸ்."

அந்த ஒரு பதிலில் லோர்னா நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ட்வைலா ஒரு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். உள்ளூர் செய்திக்கு ஒன்று, பழைய படங்களுக்கு ஒன்று, பேஸ்பாலுக்கு லீக்காரனுடையது. மூன்றும் சேர்ந்து கேபிளில் கால் பங்கு. லோர்னா அன்று சாயங்காலமே மூன்றையும் வாங்கினாள். பேஸ்பாலுக்கு முழு வருஷத்தையும் மொத்தமாகக் கட்டினாள். திருப்பித் தர மாட்டோம் என்று எழுதியிருந்ததை மட்டும் நன்றாகப் படித்தாள். யாருக்குத் திருப்பிக் கேட்கிற உத்தேசம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெட்டியையும் ரிமோட்டையும் ஒயரோடு சுற்றி எடுத்துக்கொண்டு கேபிள் ஆபீசுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு இழுத்தாள்.

"இது பழைய பிளான் மேடம். பதினெட்டு வருஷத்துக்கு முந்தினது. இப்ப நாங்க இதை யாருக்கும் குடுக்கறதில்லே. விட்டீங்கன்னா திரும்பக் கிடைக்காது. ஸ்போர்ட்ஸ் ஏதாவது பார்க்கறீங்களா?"

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருஷமாக ஒரு தடவைகூட நலம் விசாரிக்காத கம்பெனி, விட்டுப் போகிறாள் என்றதும் எப்படிக் குழைகிறது பார் என்று தோன்றியது.

"இந்த நடிப்பெல்லாம் எங்கிட்டே வேண்டாம்மா. கணக்கை முடி" என்றாள். அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு முடித்தாள். லோர்னா காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆயுசில் முதல் தடவையாக ஒரு கம்பெனியை ஜெயித்துவிட்டதாக நினைத்தாள், பாவம்.

சீசனின் முதல் ஆட்டம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். லோர்னா அரை நாள் லீவு போட்டிருந்தாள். உதிரிக் கறியை வதக்கி, பன்னுக்குள் வைத்து, வெர்லுக்குப் பிடித்த ஊறுகாய் வெள்ளரியை ஒரு துண்டு மட்டும் வைத்தாள். உப்பு. வெர்ல் சவரம் பண்ணிக்கொண்டு, டீம் தொப்பியை மாட்டிக்கொண்டு, பத்து நிமிஷம் முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவள் புது ரிமோட்டை அழுத்தி, பட்டியலில் செயின்ட் லூயிஸைக் கண்டுபிடித்து அமுக்கினாள்.

திரை கறுத்தது. நடுவில் வெள்ளையாக இரண்டு வரி. உங்கள் பகுதியில் இந்த ஆட்டம் காட்டப்படமாட்டாது.

"என்னது இது?" என்றான் வெர்ல்.

"தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கு!" என்று கத்தினாள். மறுபடி அமுக்கினாள். அதே இரண்டு வரி. டி.வி.யை அணைத்துப் போட்டாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். சிகாகோ டீமை அமுக்கிப் பார்த்தாள், அதற்கும் அதே வரி. மில்வாக்கி, அதற்கும் அதே வரி. கடைசியில் சியாட்டிலை அமுக்கினாள். பச்சைப் பசேலென்று மைதானம் வந்தது. முன்பின் தெரியாத பையன்கள் ஓடினார்கள்.

சமையலறைக்குப் போய் லீக்கின் நம்பருக்குப் போன் போட்டாள். அரைமணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு ஆள் வந்தான். அவள் ஊரின் அஞ்சல் எண்ணைக் கேட்டான். சொன்னாள்.

"ஐயோவா ஸ்டேட்டா மேடம்? சரிதான். உங்க வீடு செயின்ட் லூயிஸ் டீமோட சொந்த ஏரியாவுலே வருது. சொந்த ஏரியாவுலே நாங்க காட்டறதில்லே. அங்கே உள்ளூர் சேனல்காரங்களுக்குத்தான் உரிமை."

"சொந்த ஏரியாவா? செயின்ட் லூயிஸ் இங்கேருந்து நாலு மணி நேரம்பா. வாழ்க்கையிலே ரெண்டே தடவைதான் போயிருக்கேன்."

"புரியுது மேடம். இன்னும் சொல்லப்போனா நீங்க சிகாகோ டீம் ரெண்டுக்கும் சொந்த ஏரியா. மில்வாக்கி, மினசோட்டா, கான்சஸ் சிட்டிக்கும் சொந்த ஏரியா. மொத்தம் ஆறு டீம்."

"எங்க ஸ்டேட்டுலே ஒரு டீம்கூட இல்லையேப்பா."

"அதனாலேதான் மேடம், ஆறு பேரும் எடுத்துக்கிட்டாங்க. மிச்ச இருபத்து நாலும் நீங்க தாராளமா பார்க்கலாம்."

லோர்னா போனை வைத்தாள். பிறகு ஹாலுக்குப் போய், "நாளைக்குச் சரியாயிடுமாம்!" என்று கத்தினாள். வெர்ல் தலையாட்டினான். தொப்பியைக் கழற்றாமல் சியாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

ரேடியோவில் கேட்கலாமே என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். சொல்ல மாட்டார்களா பின்னே, அவர்களுக்கென்ன, இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. லோர்னா போனில் ஆட்டத்தின் எண்களை வரவழைத்து அவன் மடியில் வைத்தாள். எத்தனை ரன், யார் அவுட் என்று அதுவாக மாறிக்கொண்டே இருக்கும். அவன் இரண்டு நாள் பார்த்தான். "சோத்தைக் கேட்டா மெனு கார்டை நீட்டறே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கேபிள் ஆபீசுக்கு ஓடினாள். அதே கவுண்டர், அதே பெண். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் லோர்னா தாங்கியிருப்பாள். அவள் சொல்லவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"புது பிளான் எதுலேயும் அந்தச் சேனல் இல்லே மேடம். சேனல்காரங்களுக்கும் எங்களுக்கும் ஒத்து வரலே. பழைய பிளான்லே இருந்தவங்களுக்கு மட்டும்தான் ஓடுது. நீங்க முன்னூறு டாலர் குடுத்தாலும் எங்கிட்டே விக்கறதுக்கு அது இல்லே."

"எம்புருஷனுக்கு உடம்பு சரியில்லேம்மா. ரொம்ப சரியில்லே."

"தெரியுது மேடம். என் கையிலே இல்லே."

இருநூற்றுப் பதினாலு டாலருக்கு அவளிடம் இருந்த ஒன்று, இப்போது எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்றாகிவிட்டது. தானே ஒயரைச் சுற்றி, தானே கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வழியில் பெட்ரோல் பங்க் ஓரம் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அழுகிறதற்கு அந்த ஊரில் அவளுக்கு அந்தக் கார்தான் இருந்தது.

ஆற்றங்கரை பாரில் டிஷ் வைத்திருந்தார்கள். அங்கே செயின்ட் லூயிஸ் ஓடியது. வெர்ல் முதலில் மாட்டேன் என்றான். "ஆலைப் பசங்க பூரா அங்கேதான் இருப்பாங்க. மூக்குலே குழாயோட போய் உக்காரச் சொல்றியா?" என்றான். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனாள். சின்ன சிலிண்டரை அவள் தூக்கிக்கொண்டாள். அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அவனோடு ரம்பத்தில் நின்றவன், டார்வின் க்ரூஸ் என்று ஒரு வாயாடி, வெர்லை வாழ்நாள் பூராவும் செவிட்டுப் பிணமே என்று கூப்பிட்டவன், எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றான். அவ்வளவு மரியாதையாக. வேறொருத்தன் டி.வி.க்கு முன்னால் நின்றவர்களை நகரச் சொன்னான். யாரும் கிண்டல் பண்ணவில்லை. யாரும் பழையபடி அவன் காசைத் திருடிக் குடிக்கவில்லை. ஒன்பது சுற்று ஆட்டத்தில் வெர்ல் மூன்றாவது சுற்றோடு எழுந்துவிட்டான்.

காரில், "ஏன் இப்படிப் பண்றாங்க? நான் என்ன சாகவா போறேன்?" என்றான்.

லோர்னா ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

ஏப்ரல் அப்படியே போய்விட்டது. இருபத்தாறு ஆட்டம். வெர்ல் எண்ணிக்கொண்டிருந்தானோ என்னவோ, லோர்னா எண்ணினாள். அவன் சாயங்காலமானால் முகம் தெரியாத ஏதோ ஒரு டீமைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. அவள் பக்கத்தில் பின்னலோடு உட்கார்ந்து, ம் கொட்ட எதுவும் இல்லாமல், ஆக்ஸிஜன் மெஷினின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் கொன்றேன், டாக்டர் சொன்னதற்கு ஆறு மாசம் முன்னாடியே நான் கொன்றுவிட்டேன் என்று நினைப்பாள்.

மே மாசம் முதல் சனிக்கிழமை, வேறு வழியில்லாமல் டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டாள். மூன்று ஓடிடியையும்விட, பழைய கேபிளையும்விட விலை ஜாஸ்தி. போகட்டும் என்று விட்டாள். ட்வைலா வீட்டுப் பிள்ளைகளைச் சனி ஞாயிறு பார்த்துக்கொண்டால் வருகிற காசை அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணியிருந்தாள். போனில் வந்த பெண்ணுக்குச் சின்ன வயசுக் குரல். இனிமையாகப் பேசினாள். செயின்ட் லூயிஸ் சேனல் வருமா? வரும் மேடம். நிச்சயமா வருமா? நிச்சயமா வரும், உங்க அஞ்சல் எண்ணைப் போட்டே பார்த்துட்டேன். எப்போ வந்து மாட்டுவீங்க? வர்ற வியாழக்கிழமையே. லோர்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் ட்ரக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு விஷயம் மேடம். இது ரெண்டு வருஷ ஒப்பந்தம். நடுவுலே நிறுத்தினீங்கன்னா மிச்ச மாசம் ஒவ்வொண்ணுக்கும் இருபது டாலர் கட்டணும்."

லோர்னா கேட்டாள். "பார்க்கறவரே இல்லாமப் போயிட்டா?"

"புரியலே மேடம். வீடு மாறிப் போறதைச் சொல்றீங்களா?"

"இல்லேம்மா. எம்புருஷன் செத்துட்டா? நடுவுலே செத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

அவளுக்கு அந்த வீட்டில் வேறு குரல் கிடையாது. பதினைந்து வருஷமாக அந்தச் சுவர்களுக்குள் அவள் எதையும் மெதுவாகச் சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தன் சத்தம் கேட்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்றாள் அந்தப் பெண். "இறப்புச் சான்றிதழை அனுப்பிச்சா போதும். அபராதம் கிடையாது."

லோர்னா திரும்பினாள். வெர்ல் சமையலறை வாசலில் நின்றான். குழாய் ஹாலிலிருந்து விறைப்பாக இழுபட்டிருந்தது. இடது காதில் மெஷின் இருந்தது.

"யாருக்குச் சாவு?" என்றான்.

"யாருக்கும் இல்லே!"

"எம்புருஷன்னு சொன்னே. எனக்குத் தெரியாம எத்தனை புருஷன் வெச்சிருக்கே?"

"ஒப்பந்தம்னா எல்லாத்தையும் கேட்டுத்தானே வெச்சுக்கணும்! சும்மா கேட்டேன்!"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கினான். "டாக்டர் என்ன சொன்னார், லோர்னா?"

"அதான் சொன்னேனே. உப்பு..."

"உப்பை விடு. என்ன சொன்னார்?"

லோர்னா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள். அந்த வீட்டில் முதல் தடவையாக மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவர்களிடம் மனுஷர்கள் பேசுகிற மாதிரி சொன்னாள். அதை வேறு எப்படியும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெர்ல் அவள் வாயையே பார்த்தான். "கேக்கலே" என்றான்.

மறுபடி சொன்னாள். இந்தத் தடவை பாதியில் குரல் உடைந்தது.

"கேக்கலேம்மா. சத்தமாச் சொல்லு."

"சோளம் அறுக்கற வரைக்கும் நீ இருக்கமாட்டியாம்!" என்று லோர்னா கத்தினாள். "கோடை வரைக்கும்தானாம்! அதுக்கு மேலே நீ இருக்கமாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார், வெர்ல்!"

பக்கத்து வீட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் குழாயை மூடிவிட்டார்.

வெர்ல் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிவிட்டான்.

"எப்போ சொன்னார்?"

"பிப்ரவரியிலே!"

"எனக்கு எதிர்லேயா?"

"நீ தலையை ஆட்டினே!"

அவன் அதை யோசித்தான். "அப்போ மூணு மாசமா உப்பில்லாத சோத்தைத் தின்னது எதுக்கு?"

லோர்னா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் கை நீண்டு வந்து அவள் முழங்கையைத் தொட்டது. தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டது. மேஜைமேல் கவிழ்ந்திருந்த போனிலிருந்து, "மேடம்? லைன்லே இருக்கீங்களா மேடம்? வியாழக்கிழமைக்குப் போட்டுடட்டுமா?" என்று சின்னக் குரல் கேட்டது. அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் போன் இருப்பதை அவன் பார்த்தான்.

"டிஷ்ஷா?"

"ஆமா! செயின்ட் லூயிஸ் வரும்! வியாழக்கிழமையே மாட்டிடுவாங்க! ஜூன் ஜூலை பூரா பார்க்கலாம் வெர்ல்!"

"மாசா மாசம் குடுப்பாங்களான்னு கேளு."

அவள் போனை எடுத்துக் கேட்டாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். லோர்னா புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "இல்லையாம்! ரெண்டு வருஷம்தானாம்! நடுவுலே ஏதாவது ஆச்சுன்னா இறப்புச் சான்றிதழ் அனுப்பிச்சா போதுமாம்!"

"வேண்டாம்" என்றான் வெர்ல்.

"பணத்தைப் பத்திக் கவலைப்படாதே! நான் பார்த்துக்கறேன்! பார்க்கற வரைக்கும் பாரேன்!"

"பாதியிலே எழுந்து போறதுக்கு எதுக்கு ஒரு ஆட்டம்? அக்டோபர்லே அவங்க ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு தெரியாம, இப்ப உக்காந்து என்னத்தைப் பார்க்கறது?" அவன் குரல் உயரவில்லை. மேஜையை அழுத்தி எழுந்தான். குழாயைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். "நான் போனப்புறம் நீ சான்றிதழைக் கவர்லே போட்டு டி.வி. கம்பெனிக்கு அனுப்பிக்கிட்டு இருக்க வேண்டாம். அவங்க கேக்கறது ரெண்டு வருஷம். அது எங்கிட்டே இல்லேன்னு சொல்லிடு."

அவன் ஹாலுக்குப் போனான். நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. டி.வி. போடுகிற சத்தம் கேட்கவில்லை.

லோர்னா போனைக் காதில் வைத்தாள். "வேண்டாம்மா" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "சரி மேடம். பரவாயில்லே மேடம்" என்றாள். அப்புறம் கொஞ்சம் இழுத்தாள். "மன்னிச்சுக்கோங்க, ஒரு காரணம் போட்டாத்தான் கம்ப்யூட்டர் இதை மூட விடும் மேடம். இங்கே நாலஞ்சுதான் குடுத்திருக்காங்க. விலை அதிகம்னு போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோம்மா" என்றாள் லோர்னா.